அனுபவம் கேட்காத நேர்காணல்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவில் விடியும்போதே நெரிசல் தொடங்கிவிடும். தோவாளைப் பூ மூட்டைகள் ஒரு பக்கம் இறங்கும். இன்னொரு பக்கம் கொப்பரை, மிளகு, வெற்றிலை, வெங்காயம். தமிழில் விலை கேட்டால் தமிழிலும் மலையாளத்தில் கேட்டால் மலையாளத்திலும் பதில் வரும். ஒவ்வொரு மொத்தக் கடைக்குள்ளும், மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை. அந்த மேசையில் கணக்குப் பார்க்கும் ஒருவர்.

இந்தக் கடைத்தெருவை உண்டாக்கியவரும் ஒரு கணக்குப்பிள்ளைதான். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு பகுதியில், குன்னத்தூரில் 1745-ல் பிறந்த கேசவ பிள்ளை, போக்கு மூசா மரைக்காயர் என்ற வணிகரிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். அங்கிருந்து திருவிதாங்கூர் அரண்மனைப் பணிக்கு வந்தார். படிப்படியாக உயர்ந்து 1789-ல் திவான் ஆனார். ராஜா கேசவதாஸ் என்று வரலாறு அவரை அறிகிறது. ஆலப்புழை துறைமுகம், சாலைச் சந்தை இரண்டும் அவர் காலத்தின் ஆக்கங்கள். சரக்கு எங்கே தேங்குகிறது, பணம் எங்கே சுற்றுகிறது என்பதைக் கடை மேசையில் கற்ற ஒருவர், அதே கண்ணோடு ஒரு நாட்டைப் பார்த்தார் என்று சொல்வது மிகையாகாது.

அதே தெருவில் இன்று ஒரு மசாலா மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கும் இளம்பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். பி.காம். முடித்து இரண்டு வருடம் ஆகிறது. போடியிலிருந்து வரும் ஏலக்காய்க்கும் விருதுநகரிலிருந்து வரும் வற்றலுக்கும் அவர்தான் இருப்புக் கணக்கு வைக்கிறார். எந்தக் கடைக்காரர் பணத்தை இழுத்தடிப்பார் என்பது அவருக்குத் தெரியும். ஜி.எஸ்.டி. கணக்கை மாதம் தவறாமல் தாக்கல் செய்கிறார். லாரி தாமதமானால் மூன்று மொழியில் போன் பேசிச் சமாளிக்கிறார். மாலையில் செல்போனில் ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது: கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் ஒரு நிறுவனத்துக்குச் சரக்குப் போக்குவரத்து ஒருங்கிணைப்பாளர் தேவை, மூன்று முதல் ஐந்து ஆண்டு அனுபவம். விளம்பரத்தை ஒருமுறை முழுதாகப் படிக்கிறார். “நமக்கெல்லாம் கிடைக்காது” என்று மேலே தள்ளிவிடுகிறார்.

அந்த ஒரு விரலசைவில் நடப்பது என்ன? கடந்த அரை நூற்றாண்டு உளவியலும் பொருளாதாரமும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நிறைய வேலை செய்திருக்கின்றன. திருவனந்தபுரம் தன் பங்குக்கு ஒரு பெரிய சோதனையையே நடத்திக் காட்டியிருக்கிறது.

முதலில் ஒரு பிரபலமான எண்ணைச் சரிபார்த்துவிடுவது நல்லது. கேட்ட தகுதிகளில் 60 விழுக்காடு இருந்தாலே ஆண்கள் விண்ணப்பிப்பார்கள், பெண்கள் 100 விழுக்காடும் இருந்தால்தான் விண்ணப்பிப்பார்கள் என்று மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தின் உள் அறிக்கை ஒன்றில் வந்ததாகச் சொல்லப்படும் இந்த எண்ணுக்குப் பின்னால், யாரும் எடுத்துச் சோதிக்கக்கூடிய வெளியான ஆய்வு கிடையாது. புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குத் தாவியே அது உண்மையாகிவிட்டது. பிரிட்டனில் நடத்தை ஆய்வுக் குழு ஒன்று பின்னர் இதை முறையாகச் சோதித்தபோது, ஆண்களும் சரி பெண்களும் சரி, ஏறக்குறைய பாதித் தகுதிகள் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்றே நினைத்தார்கள். பெண்களின் வரம்பு சற்றே உயரத்தில் இருந்தது. 60-க்கும் 100-க்கும் உள்ள பள்ளம் அங்கே இல்லை.

ஆனால் தயக்கம் பொய்யல்ல. அது வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. கிறிஸ்டின் எக்ஸ்லி, ஜட் கெஸ்லர் என்ற பொருளாதார அறிஞர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில் ஆண்களும் பெண்களும் ஒரே தேர்வை எழுதினார்கள். மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இல்லை. பிறகு, தேர்வை நன்றாக எழுதினேன் என்ற கூற்றுக்கு 0 முதல் 100 வரை தங்களுக்கே மதிப்பு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஆண்கள் சராசரியாக 61 போட்டார்கள், பெண்கள் 46. அவரவர் உண்மையான மதிப்பெண்ணைச் சொன்ன பிறகும் இடைவெளி மூடவில்லை. எண் கையில் இருந்தும், அதைத் தன்னைப் பற்றிய நல்ல சொல்லாக மாற்ற நாக்கு கூசுகிறது. மசாலாக் கடைப் பெண்ணுக்கு நேர்வதும் இதுவே. தான் என்ன செய்கிறார் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு “அனுபவம்” என்று பெயர் வைக்கத்தான் அவர் துணியவில்லை.

சரி, விளம்பரத்தில் உள்ள அந்த “மூன்று முதல் ஐந்து ஆண்டு” எதை அளக்கிறது? சாட் வான் இட்டெகிங்க என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2019-ல் இதற்கு விடை தேடினார்கள். ஏறத்தாழ 80 ஆய்வுத் தரவுகளைத் திரட்டி, ஒருவர் வேலைக்குச் சேரும் முன் பெற்றிருந்த அனுபவத்துக்கும் சேர்ந்த பின் செய்த வேலையின் தரத்துக்கும் உள்ள ஒட்டுறவைக் கணக்கிட்டார்கள். ஒட்டுறவு முழுமையாக இருந்தால் எண் 1. துளியும் இல்லாவிட்டால் 0. அவர்களுக்குக் கிடைத்தது 0.06. இருவரின் வேலைத் தரம் ஏன் வேறுபடுகிறது என்று விளக்குவதில் முன்னனுபவத்தின் பங்கு அரை விழுக்காட்டுக்கும் குறைவு என்பது இதன் பொருள்.

இதற்குக் காரணம் எளிது. வருடக் கணக்கு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தை அளக்கிறது. அந்தக் காலத்தில் கற்றதை அளப்பதில்லை. முதல் வருடத்தில் கற்றதையே அடுத்த ஒன்பது வருடமும் திரும்பச் செய்தவருக்கும் பத்து வருட அனுபவம் என்றுதான் எழுதுவார்கள். போதாததற்கு, அனுபவத்தின் பயன் தொடக்க ஆண்டுகளில் வேகமாக ஏறிப் பிறகு தட்டையாகிவிடுகிறது என்று பழைய ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஒரு நிறுவனத்தில் கைவந்த வேலை, வேறு மென்பொருளும் வேறு மேலதிகாரியும் உள்ள இன்னொரு நிறுவனத்தில் அப்படியே எடுபடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. இருந்தும் நிறுவனங்கள் வருடக் கணக்கைக் கேட்பதேன்? ஆயிரம் விண்ணப்பங்களை நூறாகக் குறைக்க அதைவிட மலிவான சல்லடை கிடையாது. சல்லடையின் கண் அளவைத் தன் திறமையின் அளவென்று விண்ணப்பிப்பவர் நம்பிவிடுவதுதான் வேதனை.

இனி, சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள தம்பானூர் ரயில் நிலையத்துக்கு வருவோம். வருடம் 1963. காலை நேரத்தில் ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலையில் சில இளைஞர்கள் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கும் பொட்டலம் கட்டிக்கொண்டு கடற்கரைக் கிராமமான தும்பாவுக்குப் போகும் பேருந்துக்கு ஓடுவார்கள். அவர்களில் சிலர் இந்திரா பவன் விடுதியில் தங்கியிருந்தார்கள். அவர்கள் விடப்போவது ராக்கெட். வேலைக்குச் சேரும்போது அவர்களில் யாருக்கும் ராக்கெட் விட்ட அனுபவம் இல்லை. அந்த அனுபவம் கேட்டிருந்தால் இந்தியாவில் ஆளே கிடைத்திருக்காது.

அவர்களில் ஒருவர் ராமேசுவரத்து ஆவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம். சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தவர். அவர் ஆசைப்பட்டது போர் விமானி வேலைக்கு. டேராடூனில் நடந்த தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. அதன் பிறகு பாதுகாப்புத் துறையில் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்து, பெங்களூரில் ‘நந்தி’ என்ற காற்று மெத்தை ஊர்தியை உருவாக்கும் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து எம்.ஜி.கே. மேனன் அதைப் பார்க்க வந்தார். சில நாட்களில், இந்திய விண்வெளி ஆய்வுக் குழுவில் ராக்கெட் பொறியாளர் பணிக்கு நேர்காணல் அழைப்பு வந்தது.

கலாம் தன் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அந்த நேர்காணலை விவரிக்கிறார். எதிரே விண்வெளிக் குழுவை வழிநடத்திய விக்ரம் சாராபாய், மேனன், அணுசக்தி ஆணையத்தைச் சேர்ந்த சராஃப். எதைப் படித்துவிட்டுப் போவது, யாரிடம் கேட்பது என்று எதுவும் தெரியாமல்தான் பம்பாய்க்குப் போயிருக்கிறார். சாராபாயின் கேள்விகள் ஏற்கெனவே என்ன தெரியும் என்பதைத் துருவவில்லை. இந்த ஆளுக்குள் இன்னும் என்னென்ன சாத்தியம் என்பதைத் தேடின என்று அவர் பதிவுசெய்கிறார். மறுநாளே வேலை உறுதியானது.

இன்றைய ஆள்தேர்வு ஆய்வுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது அந்த நேர்காணலின் அருமை கூடுகிறது. எதிரே இருந்தவர்கள் வருடத்தை எண்ணவில்லை. அவர்களில் ஒருவர் கலாம் செய்த பொருளை நேரில் பார்த்திருந்தார். நந்தி ராக்கெட் அல்ல. காற்றைக் கீழே அழுத்தித் தரைக்கு மேல் மிதக்கும் ஊர்தி. ஆனால் முன்மாதிரி இல்லாத ஒன்றை, வரைபடத்திலிருந்து தொடங்கி இயங்க வைக்க இவரால் முடியும் என்பதற்கு அது சாட்சி. செய்த வேலையின் மாதிரியைப் பார்த்து எடைபோடுவது, வேலையில் இருந்த ஆண்டுகளை எண்ணுவதைவிட எவ்வளவோ மேலான அளவுகோல் என்பது ஆள்தேர்வு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு.

ஆர். அராவமுதன் கதை இன்னொரு விதம். இவரும் எம்.ஐ.டி.; மின்னணுவியல். டிராம்பே அணுசக்தி நிலையத்தில் நல்ல வேலை, பாதுகாப்பான எதிர்காலம். அமெரிக்காவின் நாசாவில் பயிற்சி பெற்றுத் தென்கோடிக் கடற்கரையில் ராக்கெட் தளம் அமைக்கச் சாராபாய் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுத் தானாகவே போய்ப் பெயர் கொடுத்தார். அப்போது வயது இருபதுகளில்தான். கலாம், ஈஸ்வரதாஸ் போன்றவர்களும் அந்தச் சிறு குழுவில் இருந்தார்கள். லாங்லி, காடர்ட், வாலப்ஸ் தீவு என்று சில மாதப் பயிற்சி; திரும்பி வந்தால் தும்பாவில் ஒரு தேவாலயமும் ஆயர் இல்லமும்தான் அலுவலகம். 1963 நவம்பர் 21-ம் தேதி, ராக்கெட்டைத் தூக்கி ஏவுமேடையில் வைக்கும் நேரத்தில் கிரேனின் ஹைட்ராலிக் அமைப்பு கசிந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து கையாலேயே தூக்கி வைத்தார்கள். அந்தி மயங்கும் நேரத்தில் அமெரிக்கா தந்த நைக்கி–அப்பாச்சி கிளம்பியது. நான்கே ஆண்டில், 1967 நவம்பரில், இங்கேயே செய்த ரோகிணி-75 பறந்தது.

தும்பாவின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பெண்ணும் உண்டு. அன்னா மணி. 1918-ல் பீர்மேட்டில் பிறந்து, சென்னையில் இயற்பியல் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளிர்வை ஆராய்ந்தவர். ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1945-ல் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் பட்டம் மறுக்கப்பட்டது. செய்த ஆராய்ச்சி கண்ணெதிரே கிடக்க, இல்லாத ஒரு காகிதம் அதைத் தோற்கடித்தது. படிக்கும் எவருக்கும் இன்றும் கோபம் வரவேண்டிய இடம் இது.

அவர் அடுத்துச் செய்ததுதான் இந்த அத்தியாயத்துக்கு முக்கியம். இங்கிலாந்து போய் இயற்பியலைத் தொடர விரும்பினார். அரசு உதவித்தொகை கிடைக்கும் வழி வானிலைக் கருவிகள் என்ற துறையில் மட்டும் திறந்திருந்தது. அவருக்கு வானிலையியலில் பயிற்சி எதுவும் இல்லை. ஒப்புக்கொண்டார். ஒளியை நுணுக்கமாக அளந்து பழகிய கை, காற்றையும் வெப்பத்தையும் அளக்கும் கருவிகளைக் கற்றது. 1948-ல் திரும்பிப் புனே வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். எளிய கருவிகளுக்குக்கூட வெளிநாட்டை நம்பியிருந்த காலம் அது. ஏறக்குறைய நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, உள்நாட்டிலேயே செய்யவைத்தார். தும்பாவில் ராக்கெட் ஏவ வேண்டுமென்றால் காற்றின் போக்கு தெரிய வேண்டும். சாராபாய் கேட்டுக்கொண்டதன் பேரில் 1963-ல் அங்கே வானிலை ஆய்வகத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்துக்கொடுத்தவர் அன்னா மணிதான். 1976-ல் வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். 2001-ல் திருவனந்தபுரத்திலேயே காலமானார். முனைவர் பட்டம் கடைசி வரை இல்லை.

இவர்களுக்கெல்லாம் பயமே இருந்திருக்காது என்று நினைப்பது தவறு. தகுதியின்மை பற்றிய அச்சம், தகுதி இல்லாதவர்களுக்கு மட்டும் வருவதல்ல. பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படிப்பிலும் தொழிலிலும் சாதித்த 150-க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்ததில் ஒரு பொதுவான எண்ணம் தெரிந்தது: இந்த இடத்துக்கு நான் தப்பாக வந்துவிட்டேன், ஒருநாள் எல்லோருக்கும் குட்டு வெளிப்பட்டுவிடும். இந்தப் போலி உணர்வு பெண்களுக்கே உரியது என்றுதான் முதலில் கருதப்பட்டது. 2020-ல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆண் பெண் இருபாலரையும் ஒப்பிட்டவற்றில் ஏறக்குறைய பாதி வேறுபாடு எதையும் காணவில்லை. அந்த உணர்வு எத்தனை பேருக்கு உண்டு என்பதோ, அளக்கும் முறைக்கேற்ப 9 விழுக்காட்டிலிருந்து 82 விழுக்காடு வரை மாறியது. அதைக் குணப்படுத்தும் வழி எதுவும் அதுவரை முறையாகச் சோதிக்கப்படவில்லை என்பதையும் அந்தத் தொகுப்பு சுட்டிக்காட்டியது. ஒரு வார இறுதி வகுப்பில் போலி உணர்வை நீக்கித் தருவதாகச் சொல்பவர்களிடம் பணம் கட்டும் முன் இதை நினைவில் வைப்பது நல்லது.

இன்னும் வியப்பான முடிவு பஸீமா டியூஃபிக் என்பவருடையது. வேலையிடத்தில் இத்தகைய எண்ணம் அடிக்கடி வருபவர்கள் மற்றவர்களைவிட மோசமாக வேலை செய்யவில்லை. பிறரோடு பழகுவதில் அவர்கள் கூடுதல் கவனம் எடுத்துக்கொண்டார்கள் என்று அவர் கண்டார். பயிற்சி மருத்துவர்களிடமும் இதே போக்கு தென்பட்டது. தன்மேல் ஐயம் உள்ளவர், எதிரே இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார். ஆகவே ஐயத்தை முழுக்க ஒழித்த பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கே அடிப்படை இல்லை. அதைக் கூடவே அழைத்துக்கொண்டு போகலாம்.

எங்கிருந்து வருகிறது துணிச்சல்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் பந்துரா 1977-ல் இதைப் பாம்பை வைத்துச் சோதித்தார். பாம்பு என்றாலே நடுங்குபவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு, பயிற்சியாளர் போவா என்ற பெரிய பாம்பைக் கையாள்வதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது. இன்னொரு குழு அவர் உதவியோடு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியது: முதலில் கூண்டருகே நிற்பது, பிறகு தொடுவது, கடைசியில் மடியில் விட்டுக்கொள்வது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. பார்த்தவர்களுக்கும் பயம் குறைந்தது. ஆனால் தொட்டவர்களுக்கே மிக அதிகமாகக் குறைந்தது. சோதனையின் உச்சம் அதற்கப்பால்: அதுவரை பழகாத வேறொரு இனப் பாம்பைக் காட்டியபோதும், தொட்டுப் பழகியவர்கள் நெருங்கிப் போனார்கள். ஒரு பாம்பிடம் பெற்ற தெம்பு இன்னொரு பாம்பிடமும் செல்லுபடியானது. வைரத்திலிருந்து காற்றுமானிக்குப் போன அன்னா மணியையும், நந்தியிலிருந்து ராக்கெட்டுக்குப் போன கலாமையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

பந்துரா இதைத் தன்திறன் நம்பிக்கை என்று அழைத்தார். நான் உயர்ந்தவன் என்ற பொதுவான பெருமிதம் அல்ல இது. இந்த வேலையை என்னால் செய்ய முடியும் என்ற குறிப்பான கணிப்பு. அதற்கு நான்கு ஊற்றுக்கண்கள் உண்டு என்றார். தானே செய்து பார்த்தது முதலாவது, மற்றெதையும்விட வலுவானது. தன்னைப் போன்ற ஒருவர் செய்து காட்டுவது, நம்பத்தக்கவர் சொல்லும் வார்த்தை, உடலின் படபடப்பை எப்படிப் பொருள்கொள்கிறோம் என்பவை மற்ற மூன்று.

“தன்னைப் போன்ற” என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தொலைவில் இருக்கும் மேதையைக் காட்டினால் பிள்ளைகள் வணங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த குமரி மாவட்டத்தைப் பாருங்கள். சரக்கல்விளையில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியான கே. சிவன் 2018-ல் இஸ்ரோவின் தலைவரானார். மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த வி. நாராயணனும் தமிழ் வழியில் படித்தவரே. இயந்திரவியலில் டிப்ளமோ முடித்து, 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்து, வேலை பார்த்தபடியே மேலே படித்து, 2025 ஜனவரியில் அதே நாற்காலியில் அமர்ந்தார். நாகர்கோவில் பேருந்தில் அருகே உட்கார்ந்து வரும் ஒரு டிப்ளமோ மாணவருக்கு, நியூட்டனைவிட நாராயணனே பெரிய சான்று.

சாலைக்கே சொந்தமான சான்றும் இருக்கிறது. எழுத்தாளர் ஆ. மாதவன் 1934-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். பள்ளியில் படித்தது மலையாளம். கல்லூரிப் படிப்பு கிடையாது. சாலையில் பாத்திரக் கடை நடத்தினார். தமிழைத் தானாகக் கற்று, கல்லாவுக்கு எதிரே நடமாடிய சுமட்டுக்காரர்களையும் தரகர்களையும் திருடர்களையும் கதையாக்கினார். ‘கடைத்தெருக் கதைகள்’ என்றே தொகுப்புக்குப் பெயர். மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்தார், நாவல் எழுதினார். 2015-ல் அவருக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது, கதைக்கல்ல, ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரை நூலுக்கு. தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவர் தனக்கு விதித்திருந்தால் சாலைத் தெரு தமிழில் இந்த அளவு வாழ்ந்திருக்காது.

வெறும் உற்சாக வார்த்தை இந்த ஊற்றுகளுக்கு மாற்றாகாது. ஜோன் உட் என்ற உளவியலாளர் 2009-ல் சிலரை, தன்னைப் பற்றிய புகழ்வாக்கியம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். ஏற்கெனவே தன்மதிப்பு குறைந்திருந்தவர்களில், அதைச் சொன்னவர்கள் சொல்லாதவர்களைவிடச் சோர்ந்திருந்தார்கள். வாய் சொல்வதை மனம் உள்ளிருந்து மறுக்கிறது. படபடப்பு விஷயத்தில் மட்டும் ஒரு சிறு உத்தி பயன் தருகிறது. ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் செய்த சோதனைகளில், பேச்சுக்கு முன்போ கணக்குத் தேர்வுக்கு முன்போ அமைதியாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, ஆர்வமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். இதயம் வேகமாக அடிப்பதை நிறுத்த முடியாது. அதற்கு வேறு காரணம் சொல்லிக்கொள்ள முடியும்.

எல்லை எங்கே என்பதையும் சொல்லியாக வேண்டும். மருத்துவர், விமானி, வழக்கறிஞர் வேலைகளில் உரிமம் என்பது சல்லடை அல்ல. பிறர் உயிருக்கும் உரிமைக்குமான காப்பு. பி.எஸ்.சி. போன்ற அரசுத் தேர்வுகளில் அறிவிப்பில் உள்ள கல்வித் தகுதி சட்டபூர்வமானது, அங்கே துணிச்சலுக்கு வேலை இல்லை. இல்லாத அனுபவத்தை இருப்பதாக எழுதுவது துணிச்சலில் சேராது. அது பொய். தும்பா இளைஞர்களும் நேராக ராக்கெட்டைத் தொட்டுவிடவில்லை. முதலில் மாதக்கணக்கில் பயிற்சிக்குப் போனார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, கற்றுக்கொள்வேன் என்பதற்கு ஆதாரம் காட்டுவதே அவர்கள் எடுத்த வழி.

பொறுப்பு முழுவதையும் விண்ணப்பிப்பவர் தலையில் கட்டுவதும் நியாயமல்ல. கேத்ரின் காஃப்மன், மானுவேலா கோலிஸ், லீனா குல்கர்னி ஆகியோர் இணையவழி வேலைச் சந்தை ஒன்றில் உண்மையான வேலைகளை விளம்பரப்படுத்திச் சோதித்தார்கள். சம்பளம் கூடிய, நிபுணர் தேவை என்று பொதுவாகச் சொன்ன வேலைக்குத் தகுதியுள்ள பெண்களும் தயங்கினார்கள். எந்தத் திறன், எந்த அளவுக்கு வேண்டும் என்று தெளிவாக எழுதியபோது ஆண் பெண் இடைவெளி சுருங்கியது. விளம்பரத்தில் ஒரு வரி மாறினால் வாசலுக்கு வருபவர்களும் மாறுகிறார்கள். அந்த வரியை எழுதுபவர்கள் நிறுவனத்துக்காரர்கள்.

மசாலாக் கடைப் பெண்ணின் விண்ணப்பம் எப்படி இருக்கலாம்? “எனக்கு இத்துறையில் அனுபவம் இல்லை என்றாலும்” என்று தொடங்க வேண்டியதில்லை. மாதம் எத்தனை சரக்கு வரவுகளைக் கையாள்கிறார், எத்தனை ஊர்களிலிருந்து, இருப்புக் கணக்கில் வித்தியாசம் வந்தால் எப்படிக் கண்டுபிடிக்கிறார், ஒருமுறை லாரி வழியில் நின்றுபோனபோது வாடிக்கையாளருக்கு எப்படிச் சரக்கு சேர்த்தார் என்று நான்கு பத்தி எழுதினால் போதும். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் பேரம் பேசத் தெரியும் என்பது ஐந்தாவது. நிறுவனம் பயன்படுத்தும் மென்பொருள் தெரியாது என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு, அதன் இலவசப் பயிற்சியை ஒரு வாரம் செய்து பார்த்து, எதுவரை வந்திருக்கிறார் என்பதைச் சேர்க்கலாம். பந்துராவின் கணக்கில் அந்த ஒரு வாரம், கூண்டருகே போய் நிற்பதற்குச் சமம். வேலை கிடைக்காமலும் போகலாம். டேராடூனில் ஒன்பதாவதாக வந்தவருக்கும் அந்த வேலை கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த விளம்பரம் வரும்போது, அந்த நான்கு பத்தியும் எழுதப்பட்டுத் தயாராக இருக்கும். இரண்டாவது விண்ணப்பத்துக்கு அரை மணி நேரம் போதும்.